பாரம் ஏறட்டும்

எங்கள் தோட்டத்துப் பிட்டர் அண்ணனிடம் ‘முடிஞ்சிருச்சா?’ என்று யாராவது கேட்டால், அவர் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். பழகியவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர் நிமிர்ந்து பார்த்து, “பாரம் ஏறட்டும்” என்பார். திரும்பவும் குனிந்துகொள்வார். அந்த மனிதர் ஒரு காரியத்தைப் பற்றி ‘முடிந்தது’ என்று சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு எங்கள் பக்கம் பிட்டர் என்று பெயர். நமுனுகுல மலைச்சரிவில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கு அவர்தான் பிட்டர். குள்ளமான ஆள், ஐம்பதைத் தாண்டிய வயது. காதுக்கு மேல் இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. காற்சட்டையின் பின் பையில் பதினேழாம் நம்பர் ஸ்பெனர். அந்த ஸ்பெனர் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. மகள் கல்யாணத்தன்று பட்டு வேட்டி கட்டியிருந்தார். ஸ்பெனர் இடுப்பில் செருகியிருந்தது.

நான் பண்டாரவளைக்காரி. கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்குப் போய், அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதமே ஏழாம் வகுப்பில் ஒரு வாங்கு உடைந்தது. பிட்டர் அண்ணன் வந்து பலகையை மாற்றி, இரும்புக் கால்களைப் பூட்டினார். என் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. நன்றி சொல்லி அனுப்பிவிடலாம் என்று, “முடிஞ்சிருச்சாண்ணே?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர். இதுல எத்தன புள்ளைங்க உக்காரும்?”

“அஞ்சு பேரு.”

“அந்த அஞ்சு பேரையும் கூப்பிடுங்க.”

பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் வாங்குக்கு அடியில் புகுந்து, அவர்களுடைய கால்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “பாரம் இல்லாதப்ப எல்லாக் காலும் நேராத்தான் நிக்கும் டீச்சர்” என்று அடியிலிருந்து குரல் வந்தது. அடுத்தவர் நட்டை இறுக்குகிற இவருக்கே ஒரு நட்டு கழன்றிருக்கிறதோ என்று நான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு பார்த்தால் எல்லாவற்றிலும் அவர் அப்படித்தான். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஊஞ்சல் கட்டியபோது, தோட்டத்திலேயே தடித்த மனிதரான பெரிய கங்காணியை ஏறி உட்காரச் சொன்னாராம். கங்காணி முதலில் கோபித்தார்; பிறகு ஆசைப்பட்டு ஆடினார்; அப்புறம்தான் கடைசி நட்டு இறுகியது. திருவிழாவில் சப்பரத்துக்கு அச்சாணி அடித்தபோதும் பாதிதான் அடித்தார். அம்மன் ஏறி உட்காரட்டும், மீதியை அடிக்கிறேன் என்றார். சாமி ஏறின பிறகு அடிக்கிறதா என்று பூசாரியார் குதித்தார். அவர் அசையவில்லை. அந்த வருஷம் சப்பரம் லயத்து வீடுகளுக்கு நடுவில் இருக்கிற முடக்குத் திருப்பங்களில் ஆடாமல் அசையாமல் போனது. மறுவருஷம் பூசாரியாரே, “பிட்டரக் கூப்பிடு, அம்மா ஏறியாச்சு” என்று ஆள் அனுப்பினார்.

பண்டாரவளைச் சப்பாத்துக் கடையில் நடந்ததை அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். புதுச் சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தவர், பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசியைக் கேட்டு வாங்கித் தோளில் வைத்து, கடைக்குள் மேலும் கீழுமாக நடந்தாராம். “கடக்காரன் முழிச்ச முழி இருக்கே டீச்சர், நான் யாரோ எவரோன்னு வெளிய போய் நின்னுக்கிட்டேன்” என்பார் அந்த அக்கா.

மனிதர்களைப் பற்றியும் அதே கணக்குத்தான். மகள் கல்யாணத்தில் எல்லோரும், “தங்கமான மாப்பிள்ளை” என்று வாழ்த்தினார்கள். “இப்பத்தானே ஏத்தியிருக்கோம்” என்றார் பிட்டர் அண்ணன். சம்பந்தி முகம் போன போக்கை நான் பார்த்தேன். எனக்கும் வாய் சும்மா இராது. ஒரு நாள், “எங்க வீட்டுக்காரர் எப்பிடிண்ணே? நல்ல மனுசந்தானே?” என்று வம்புக்குக் கேட்டேன்.

“இன்னும் பாரம் ஏறலையே டீச்சர்” என்றார், சிரிக்காமல்.

என் வீட்டுக்காரர் அப்போது தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். நல்ல மனிதர்தான். பொறுமை மட்டும் கடையில் விற்றிருந்தால் ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்திருப்பேன். தேத்தண்ணியை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். கதவு திறப்பதற்குள் உள்ளே போகப் பார்த்து நெற்றியில் இடித்துக்கொள்வார். இவரைப் பற்றிப் பிட்டர் அண்ணன் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. இதற்கும் நான் பண்டாரவளைக்குப் போய்வந்த பஸ் பயணத்துக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். ஊர் வாய் கேட்குமா? “பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கிப் போச்சு, வேறென்ன” என்றது. வீட்டுக்கு வந்த எல்லோரும், “எல்லாம் சரியாப் போயிரும்” என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. பிட்டர் அண்ணனும் வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “என்னால ஒண்ணும் சொல்ல முடியல டீச்சர்” என்றார். எங்கள் பின்கதவு தாழ் இறங்காமல் இருந்ததைச் சரிசெய்துவிட்டுப் போனார். அன்றைக்கு வந்தவர்களில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது தங்கியது. ஏழாம் மாதம் ஸ்கேன் பார்த்த பதுளை டாக்டர், நச்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்றார். வலி வரும்வரை காத்திருக்க முடியாது, ஒப்பரேஷன்தான். தூரத்தில் இருப்பதால் நாள் நெருங்குமுன்பே வந்து வார்டில் தங்கிவிட வேண்டும். அதுவரை படுக்கை. ரத்தம் பட்டால் உடனே வர வேண்டும். வரும்போது குலுங்காமல் வர வேண்டும். அவர் எங்கள் தோட்டத்து ரோட்டைப் பார்த்ததில்லை, பாவம்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின்பக்கத்து ஷொக் அப்சோபர் இரண்டும் செத்துப்போயிருந்தன. ஒரு குழியில் இறங்கினால் பின்பக்கம் மூன்று தடவை எழும்பி விழும். பிட்டர் அண்ணனிடம் கொடுத்தால் என்றைக்குத் திரும்பி வரும் என்று தெரியாது என்று என் வீட்டுக்காரர் தானே மாற்றக் கிளம்பினார். பண்டாரவளையில் புது ஷொக் ஒரு சோடி வாங்கிவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குவாட்டர்ஸ் வாசலில் காரை ஜெக் வைத்துத் தூக்கி, அடியில் கட்டைகளைக் கொடுத்து நிறுத்தினார். கைபேசியில் ஒருவன் செய்துகாட்டியதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். நான் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக்கிக்குள் விரிப்பை நீக்கினால் மேல் நட்டு. கீழே அச்சோடு சேர்கிற இடத்தில் ஒரு போல்ட். துருப்பிடித்த பழையவற்றைக் கழற்றவே அரை நாள் போனது. கழற்றியதைக் கையால் அமுக்கினால் அப்படியே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. எண்ணெய் ஒழுகி வெறும் குழாயாக இருந்தது. புதியதைச் சுருக்கிக் கட்டியிருந்த நாடாவை வெட்டியதும், உள்ளேயிருந்த தண்டு தானாக மெல்ல வெளியே நீண்டு வந்தது. என் வீட்டுக்காரரின் அம்மா, என் மாமி, இரண்டடி பின்னால் போய், “இதுக்கு உசிரு இருக்குடா!” என்றார். என் வீட்டுக்காரர் ஸ்பெனருக்கு ஒரு குழாயை மாட்டி, பல்லைக் கடித்து போல்ட்களை இறுக்கினார். “முடிஞ்சிருச்சு!” என்று அவர் கத்தியது பக்கத்துக் குவாட்டர்ஸுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு கிழமை, ஏழு நாளும், கார் மெத்தையாகப் போனது. இரண்டாம் கிழமை கீச்சென்றது. மூன்றாம் கிழமை பின்னால் டக்டக்கென்று அடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தொழிற்சாலை வாசலில் பிட்டர் அண்ணன் காரை மறித்து, குனிந்து பார்த்திருக்கிறார்.

“கிளாக்கரய்யா, பூட்டுறப்ப சக்கரம் எங்க இருந்துச்சு?”

“தொங்கிக்கிட்டு இருந்துச்சு. ஏண்ணே?”

அவர் திட்டவில்லை. விஷயம் இதுதான்: கீழ் போல்ட் ஒரு ரப்பர் வளையத்துக்குள்ளால் போகிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கி ஆள் ஏறியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிடக்கும். எங்கள் ரோட்டில் மூன்று கிழமையில் கிழியும். கிழிந்துவிட்டது. இதைக் கேட்டு வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவரைத் திட்டக் காத்திருந்த எனக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் புது ரப்பர் வாங்கிவந்தார். பிட்டர் அண்ணன் சவர்க்காரத் தண்ணீர் தடவி, தொழிற்சாலை இடுக்கியில் வைத்து அழுத்தி அவற்றை ஷொக்குக்குள் ஏற்றினார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் இருந்தார். கூடவே, ஒரு முனை சரிவாகச் செதுக்கிய எட்டு ரயில் சிலிப்பர் கட்டைகள்.

என் மாமிக்கும் அவருக்கும் அன்றைக்குத்தான் முட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் கார் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது மாமியின் கட்டளை. அவரோ ஷொக்குகளைப் பூட்டி, கீழ் போல்ட்களை விரலால் மட்டும் திருகிவிட்டு, நான்கு சக்கரங்களையும் கட்டைகளின் மேல் இறக்கி நிறுத்தினார். கார் தன் காலில் நின்றது. அடியில் ஓர் ஆள் படுக்க இடமும் இருந்தது. பிறகு ஜன்னலுக்கு வந்து, “டீச்சர், வந்து ஏறுங்க” என்றார்.

“தம்பி, ஏறுனா எறங்கக் கூடாது” என்றார் மாமி. “புள்ளத்தாச்சியப் பயணத்துக்கு ஏத்திட்டு எறக்குனா போற காரியம் பாதியில நிக்கும். ஒங்க வேலைய முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, ஏத்துறேன்.”

“எறக்க வேணாங்கம்மா. அவங்க ஏறினப்புறந்தான் எனக்கு வேலையே.”

“அதுக்கு ஒரு மூட்ட அரிசிய வச்சுப் பாக்கிறதுதானே!”

“அரிசி போகலீங்களே ஆஸ்பத்திரிக்கு.”

பத்து மணிக்கு நான் பின்சீட்டில் ஏறினேன். பக்கத்தில் பிளாஸ்கும் பையுமாக மாமி. முன்னால் என் வீட்டுக்காரர். கார்ச் சாவி பிட்டர் அண்ணனின் பையில். அடியில் படுக்கிறவரிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். சக்கரங்களுக்கு முன்னால், ஏறி நசுக்கிப் போக, திருஷ்டிக்குத் தேசிக்காய் வைத்தாயிற்று. அவர் அடியில் புகுந்தார். என் காலுக்குக் கீழே ஸ்பெனர் போல்டைக் கவ்வுகிற சத்தம் கேட்டது. இடது பக்கம் இறுகியது. வலது பக்கத்துக்கு நகர்ந்தார்.

அப்போதுதான் என் தொடையில் சூடாக ஈரம் பட்டது. வலி இல்லை. புடவையைத் தொட்டுப் பார்த்தேன். விரல் சிவந்திருந்தது.

“ரத்தம்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமிக்குக் கேட்டுவிட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பாய்ந்து, காருக்கடியில் குனிந்து, “அண்ணே, சாவியக் குடுங்க! ரத்தம் பட்டுருச்சு, சாவிய!” என்று கத்தினார்.

கீழே ஸ்பெனர் நின்றது. பிறகு அடியிலிருந்து, “டீச்சர், புள்ள அசையுதா?” என்று கேட்டார்.

“அசையுது.”

“வலி?”

“இல்ல.”

“கிளாக்கரய்யா, ஒரு போல்ட் இருக்கு. இது இல்லாம போனா எஸ்டேட் ரோட்டுலயே அவுந்துரும். ஏறி உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தான் பாரம் சரியா இருக்கும்.”

என் வீட்டுக்காரர் காரைச் சுற்றி ஓடினார். அழுதார். அண்ணே, அண்ணே என்று கெஞ்சினார். நான் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு நிமிடம் பிட்டர் அண்ணனைப் போல் நான் யாரையும் வெறுத்ததில்லை. என் பிள்ளை போகிறது, இவர் போல்ட் திருகிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, அழுகையை நிறுத்தி, முன்சீட்டில் ஏறி, இரண்டு கையையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்து அசையாமல் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் அசையாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கீழே ஸ்பெனர் மூன்று தடவை முனகியது.

அவர் வெளியே வந்தார். சாவியைக் கொடுத்தார். கேட்காமலே முன்கதவைத் திறந்து தானும் ஏறிக்கொண்டார்.

“மெதுவா எறக்குங்க. ரோட்ட மட்டும் பாருங்க. பின்னால திரும்பாதீங்க.”

கார் கட்டையிலிருந்து இறங்கியது. தேசிக்காய் நசுங்கிய சத்தம் கேட்டது. “இன்னும் பத்து நிமிசம் இருக்கு” என்று மாமி அழுகைக்கு நடுவிலும் ராகு காலத்துக்குக் கணக்குச் சொன்னார்.

அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் ஒன்று, பாலத்தடியில் இரண்டு, கோயில் முடக்கில் பாறை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் இறங்கியது, ஒரே தடவை அமுங்கி எழும்பியது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர், அவசரத்துக்குப் பிறந்த அந்த மனிதர், மாட்டுவண்டிக்காரனைப் போல் ஓட்டினார். பிட்டர் அண்ணன் தொப்பியைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டுத் தலையைச் சாய்த்து வைத்திருந்தார்.

“என்னண்ணே கேக்குது?” என்றேன்.

“ஒண்ணும் கேக்கல டீச்சர். நல்லது.”

குழியில்லாத பசறைத் தார் ரோட்டுக்கு ஏறியதும்தான் நான் அழுதேன்.

பதுளையில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றி நேராக உள்ளே கொண்டுபோனார்கள். பின்னேரம் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கட்டடமே அதிரக் கத்தியதாம். நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். வெளியே மாமி எல்லாச் சாமியையும் கும்பிட்டுவிட்டு, “அப்பாடா, முடிஞ்சிருச்சு தம்பி” என்றிருக்கிறார்.

“வீட்டுக்கு வரட்டும்மா” என்றாராம் பிட்டர் அண்ணன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மட்டும், “கிளாக்கரய்யா தாங்குவாரும்மா” என்று சொன்னாராம். மாமி அதை என்னிடம் சொன்னபோது, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். கல்யாணமாகி நாலு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது.

பிள்ளை எடை ஏறும்வரை வைத்திருந்து, பதினெட்டாம் நாள் விட்டார்கள். நாங்கள் தோட்டத்துக்கு வந்தபோது மாமி ஆரத்தித் தட்டுடன் வாசலில் நின்றார். வாசல் நடுவில் நாலு சோடி சிலிப்பர் கட்டைகள் கிடந்தன. பக்கத்தில் பிட்டர் அண்ணன். என் வீட்டுக்காரர் காரைக் கட்டைகளின் மேல் ஏற்றி நிறுத்தினார். சாவியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

“எறங்காதீங்க டீச்சர். இப்ப மூணு பேரா இருக்கீங்க. அப்பிடியே இருங்க.”

“தம்பி, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு என்னா வெளையாட்டு! ஆரத்தி அணையப் போகுது!” என்று மாமி சத்தம் போட்டார். பிட்டர் அண்ணன் அதற்குள் அடியில் போய்விட்டார். பிள்ளை அழத் தொடங்கியது. இடது பக்கம் ஸ்பெனர் கவ்வியது, போல்ட் அசையவில்லை. வலது பக்கம் கவ்வியது, அதுவும் அசையவில்லை. நான் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கீழேயிருந்து வரும் அந்தச் சத்தங்களையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். ஜன்னலில் குனிந்து, முதல் தடவையாக என் மகளின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பெனரைப் பின் பையில் செருகிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

“முடிஞ்சிருச்சு டீச்சர்” என்றார். “எறங்குங்க.”

நான் பிள்ளையோடு இறங்கினேன்.